ஆத்தூர் தொகுதியும் ஐ. பெரியசாமியும்: 1989 முதல் 2021 வரை



நம் சங்கத்துக்குக் கட்சி கிடையாது. இந்தக் கட்டுரைக்கும் கிடையாது. பக்கத்துத் தொகுதியின் தேர்தல் முடிவுகளை வருடவாரியாக எழுதி, நம் தொகுதியின் முடிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொடைக்கானல்வாசிகளுக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஆத்தூர் என்றதும் சிலர் சேலம் மாவட்டத்து ஆத்தூரை நினைப்பார்கள். இது நம் திண்டுக்கல் மாவட்டத்து ஆத்தூர். காமராசர் அணை, சுங்குடிச் சேலைக்குப் பேர்போன சின்னாளப்பட்டி, மலைமேல் ஆடலூர், பன்றிமலை எல்லாம் அந்தப் பக்கம். தி.மு.க.வின் ஐ. பெரியசாமி அங்கிருந்து 1989, 1996, 2006, 2011, 2016, 2021 என ஆறு முறை சட்டமன்றம் சென்றவர். இடையில் 1991-லும் 2001-லும் தொகுதி அ.தி.மு.க.வுக்குப் போனது.

முதல் நான்கு தேர்தல்களைக் கவனியுங்கள். 1989-ல் அ.தி.மு.க. இரண்டாகப் பிரிந்து நின்றது, தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, ஆத்தூரும் தி.மு.க. பக்கம். 1991-ல் தி.மு.க. மாநிலம் முழுவதும் ஜெயித்தது இரண்டே இடம். ஆத்தூர் கைவிட்டுப் போனது. 1996-ல் மீண்டும் தி.மு.க., 2001-ல் மீண்டும் அ.தி.மு.க. மாநிலத்தில் எந்தக் காற்றோ, ஆத்தூரிலும் அதே காற்று. அதுவரை பெரியசாமியின் கணக்கு, கட்சியின் கணக்கோடு சேர்ந்தே ஏறி இறங்கியது.

2006-ல் வென்று, வருவாய்த் துறை அமைச்சரானார். அதற்கு அடுத்து வந்ததுதான் திருப்பம். 2011-ல் தி.மு.க. 23 இடங்களுக்குச் சுருங்கியது. எதிர்க்கட்சி அந்தஸ்துகூடக் கிடைக்கவில்லை. அந்த 23-ல் ஆத்தூரும் ஒன்று. 2016-ல் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்தது. மின்துறை அமைச்சராக இருந்த நத்தம் விசுவநாதன் தன் சொந்தத் தொகுதியை விட்டு ஆத்தூரில் வந்து நின்றார், தோற்றார். ஆக, இரண்டு முறை மாநிலம் ஒரு பக்கம், ஆத்தூர் மறுபக்கம்.

2021-ல் பெரியசாமி பெற்றது 1,65,809 வாக்குகள். அடுத்து வந்த பா.ம.க. வேட்பாளருக்கு 30,238. வித்தியாசம் 1,35,571. அந்தத் தேர்தலில் தமிழகத்திலேயே இதுதான் அதிகம். புதிய அமைச்சரவையில் முதலில் கூட்டுறவு, 2022 டிசம்பரில் ஊரக வளர்ச்சித் துறை அவரிடம் வந்தன.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முன்பு அமைச்சராக இருந்த காலத்து வீட்டுவசதி வாரிய மனை ஒதுக்கீட்டு வழக்கிலிருந்து 2023-ல் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2024 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பிறகு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் கணக்கை நீதிமன்றம்தான் முடிக்க வேண்டும். வாக்குப்பெட்டி முடிக்க முடியாது.

இப்போது நம் பழனி தொகுதிக்கு வருவோம். 1996-ல் தி.மு.க., 2001-ல் அ.தி.மு.க., 2006-ல் தி.மு.க., 2011-ல் அ.தி.மு.க. நான்கு முறையும் மாநிலக் காற்றோடுதான். 2011-ல் இங்கே தோற்றவர் பெரியசாமியின் மகன் ஐ.பி. செந்தில்குமார். வித்தியாசம் இரண்டாயிரத்துக்கும் குறைவு. 2016-ல் அவரே வென்றார். 2021-ல் முப்பதாயிரத்துக்கும் மேல் வித்தியாசத்தில் மீண்டும் வென்றார். தந்தையும் மகனும் அடுத்தடுத்த தொகுதிகளில் உறுப்பினர்களாக இருந்ததை விரும்புவதும் விரும்பாததும் அவரவர் விருப்பம். நான் பார்ப்பது எண்ணிக்கையை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொடைக்கானல் நகராட்சியில் 36,501 பேர். பழனி நகரம் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. தொகுதியில் மலை வாக்குகளைவிடக் கீழ்நாட்டு வாக்குகளே அதிகம். வித்தியாசம் இரண்டாயிரமாக இருந்தால் மலைமேல் நாலைந்து வாக்குச்சாவடிகள்கூட முடிவை மாற்றிவிடும். வேட்பாளர் நம் தெருவுக்கு வந்தே ஆக வேண்டும். வித்தியாசம் முப்பதாயிரத்தைத் தாண்டினால் மலை ஏறாமலேகூட ஒருவர் ஜெயிக்கலாம். எந்தக் கட்சி வேட்பாளருக்கும் இது பொருந்தும்.

ஆத்தூர் சொல்லும் பாடம் இதுதான்: காற்றை மட்டும் நம்பிய உறுப்பினர் காற்றோடு போவார், தொகுதியில் வேர் பிடித்தவர் எதிர்க்காற்றிலும் நிற்பார். ஆனால் வேர் ஆழமாகப் போகப் போக, சின்ன ஊரின் ஓட்டுக்கு எடை குறையும். அந்த எடையைக் கூட்ட நமக்கு ஒரே வழி, சேர்ந்து கேட்பது. சீசன் நெரிசல், குடிநீர், குப்பை, மருத்துவமனை என்று தனித்தனியாக மனு கொடுப்பதை விட்டு, மலையின் எல்லாச் சங்கங்களும் கையெழுத்திட்ட ஒரே மனுவைத் தேதி போட்டுக் கொடுத்து, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்வோம். அடுத்த முறை ஓட்டு கேட்டு வருபவர் யாராக இருந்தாலும், அந்த நகலை எடுத்துக் காட்டிப் பேசலாம்.