ஸ்பீராய்டு

தட்டில் ஒட்டிப் பரவ இடம் கிடைக்காத செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு உருவாக்கும் கோளவடிவத் திரளே ஸ்பீராய்டு. முப்பரிமாண செல் வளர்ப்பு முறைகளுள் பழையதும் எளியதும் இதுவே. புற்றுநோய் மருந்து ஆய்விலும் கதிர்வீச்சுச் சிகிச்சை ஆய்விலும் இது மிகுதியாகப் பயன்படுகிறது.

இதன் வரலாறு 1907-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் ராஸ் ஹாரிசன் தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியொன்றில் தொங்கவிட்டு, அதிலிருந்து நரம்பிழை நீள்வதைக் கண்டார். பாடநூல்களில் முந்தி நிற்பது அவர் பெயர்தான். ஆனால் அவர் வளர்த்தது வெட்டியெடுத்த திசுத் துண்டு; பிரிந்த செல்கள் கூடிய திரள் அன்று. ஸ்பீராய்டின் உண்மையான முன்னோடி, அதே ஆண்டில் வட கரோலினாவின் எச். வி. வில்சன் வெளியிட்ட ஆய்வு. உயிருள்ள கடற்பஞ்சை மாவு சலிக்கும் பட்டுத் துணியில் வைத்துப் பிழிந்து செல்களைத் தனித்தனியாக்கினார். கடல்நீரில் விழுந்த செல்கள் மெல்ல ஊர்ந்து ஒன்றுகூடி, மீண்டும் கடற்பஞ்சாகவே வளர்ந்தன.

முதுகெலும்பிகளில் இதைச் செய்ய அரை நூற்றாண்டு ஆனது. டிரிப்சின் நொதியால் கோழிக் கருவின் திசுக்களைப் பிரிக்கும் வழியை 1952-இல் ஆரோன் மஸ்கோனா காட்டினார். 1957-இல் அவர் கோழிச் செல்களையும் எலிச் செல்களையும் கலந்து வளர்த்தபோது, அவை இனம் பார்க்கவில்லை, திசுவகை பார்த்தே சேர்ந்தன. குருத்தெலும்புச் செல் குருத்தெலும்புச் செல்லோடும் கல்லீரல் செல் கல்லீரல் செல்லோடும் கூடின. இதற்கிடையே, 1955-இல் டவுன்ஸும் ஹோல்ட்ஃப்ரெட்டரும் நீர்நில வாழிகளின் கருச்செல்களைக் கலந்து, அவை தாமாகவே உள்ளடுக்கு, வெளியடுக்கு எனப் பிரிந்து அமைவதைக் காட்டியிருந்தனர். செல்களின் ஒட்டும் வலிமையில் உள்ள வேறுபாடே இதற்குக் காரணம் என மால்கம் ஸ்டெய்ன்பெர்க் 1960-களில் விளக்கினார்.

கருவியலில் இருந்த இம்முறையைப் புற்றுநோய் ஆய்வுக்குக் கொண்டுவந்தவர் கனடாவின் ராபர்ட் சதர்லாந்து. 1970-களின் தொடக்கத்தில் அவரது குழு சீன ஹாம்ஸ்டரின் நுரையீரல் செல்களை, ஓயாது கலக்கப்படும் குடுவையில் உருண்டைகளாக வளர்த்தது. பின்னணியில் இருந்தது ஆக்சிஜன் சிக்கல். இரத்தக் குழாயிலிருந்து ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டருக்கு அப்பால் கட்டியின் செல்கள் மடிவதை 1955-இலேயே தாம்லின்சனும் கிரேயும் கவனித்திருந்தனர். அந்த எல்லையில் ஆக்சிஜன் குன்றி உயிரோடிருக்கும் செல்களைக் கொல்ல, வழக்கத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்குக் கதிர்வீச்சு தேவை. ஒற்றை அடுக்காகப் பரவிய செல்களில் இந்த நிலையே இல்லை. ஸ்பீராய்டில் அது தானாக அமைகிறது. விட்டம் 500 மைக்ரோமீட்டரை எட்டிய உருண்டையில் வெளியே பெருகும் செல்கள், நடுவே உறங்கும் செல்கள், மையத்தில் மடிந்த செல்கள் என மூன்று வளையங்களைக் காணலாம். டாக்சோரூபிசின் போன்ற மருந்து பெரும்பாலும் வெளி அடுக்குகளிலேயே தங்கிவிடுவதும் இதில் தெரிந்தது. தட்டில் நன்றாக வேலை செய்த மருந்து கட்டியில் தோற்பதன் காரணங்களுள் இது ஒன்று.

தயாரிக்கும் வழிகள் பல: தொங்கு துளி, அகரோஸ் பூசிய குழித்தட்டு, சுழல் குடுவை. எலிச் சார்கோமாவிலிருந்து எடுக்கப்படும் மேட்ரிஜெல் கூழ்மத்துக்குள் செல்களைப் பதித்து வளர்ப்பதும் உண்டு. அதன் சேர்க்கை தொகுதிக்குத் தொகுதி மாறுவது ஆய்வகங்களின் நெடுநாள் தலைவலி. உருண்டைகள் ஒரே அளவில் அமையாமை, மையத்தைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்க முடியாமை, இரத்தக் குழாய் இல்லாமை ஆகியன பிற குறைகள்.

தண்டு செல்லிலிருந்து உறுப்பின் அமைப்போடு வளரும் ஆர்கனாய்டு வேறு வகை. 2009-இல் சாட்டோவும் கிளெவர்ஸும் குடல் ஆர்கனாய்டை உருவாக்கியபின் ஆய்வுகள் அப்பக்கம் திரும்பியுள்ளன. இந்தியாவில் 2023-இல் திருத்தப்பட்ட புதிய மருந்து விதிகள், விலங்குச் சோதனையோடு இத்தகைய முறைகளுக்கும் இடமளிக்கின்றன.