பிக்காஸோவை விட்டுப் போனவர்!

மே 1943. நாஜிப் படைகளின் பிடியில் பாரீஸ். ஒரு ரெஸ்டாரன்ட்டில், கிண்ணம் நிறைய செர்ரிப் பழங்களை எடுத்துக்கொண்டு ஒரு இளம்பெண்ணின் மேஜைக்கு வந்தார் பாப்லோ பிக்காஸோ. அவருக்கு வயது 61. அந்தப் பெண், ஃப்ரான்ஸ்வாஸ் ஜீலோவுக்கு 21! (பிக்காஸோவின் அப்போதைய காதலி டோரா மார், அவரோடு சாப்பிட வந்திருந்தார் என்பது வேறு விஷயம்!)

ஜீலோவும் ஓவியர்தான். சட்டப் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் தூரிகையைக் கையிலெடுத்தவர். 1946-ல் இருவரும் சேர்ந்து வாழ ஆரம்பித்தார்கள். கல்யாணம்? அது எப்படி முடியும்... பிரிந்துபோன முதல் மனைவி ஓல்கா, சட்டப்படி இன்னும் மனைவிதானே! 1947-ல் மகன் க்ளாட், 1949-ல் மகள் பலோமா பிறந்தார்கள்.

வீட்டில் எல்லாமே பிக்காஸோவின் இஷ்டம்தான். அவருடைய கோபம், அவருடைய மௌனம், அவருடைய புதுக் காதல்கள்... பொறுத்துப் பார்த்த ஜீலோ, 1953-ல் இரண்டு குழந்தைகளோடு வெளியேறினார். தன்னை ஒருத்தி விட்டுப் போவாள் என்பதை பிக்காஸோவால் ஜீரணிக்கவே முடியவில்லை!

1964-ல் அந்த வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார் ஜீலோ. தடுக்க பிக்காஸோ கோர்ட்டுக்குப் போனார் - ஒன்றல்ல, மூன்று வழக்குகள். மூன்றிலும் தோல்வி! அந்தக் கோபத்தை யார் மீது காட்டினார் தெரியுமா? குழந்தைகள் மீது. க்ளாடையும் பலோமாவையும் அதன்பிறகு பார்க்க மறுத்துவிட்டார். 1973-ல் அவர் இறந்தபோது, இறுதிச் சடங்குக்கும் அவர்களுக்கு அனுமதி இல்லை. தடுத்தவர், பிக்காஸோவின் இரண்டாவது மனைவி ஜாக்குலின்.

விட்டுப் போகாத மற்ற பெண்கள் என்ன ஆனார்கள்? 17 வயதில் பிக்காஸோவிடம் வந்த மேரி தெரஸ், 1977-ல் தூக்கில் தொங்கினார். ஜாக்குலின், 1986-ல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார். 1937-ல் வரைந்த புகழ்பெற்ற 'அழும் பெண்' ஓவியத்துக்கு முகம் தந்த டோரா மார், மனம் உடைந்து சிகிச்சை பெற்று, கடைசிவரை தனிமையில் வாழ்ந்தார்.

ஜீலோ? 1970-ல், போலியோ தடுப்பூசி கண்டுபிடித்தாரே... அந்த ஜோனாஸ் சால்க்கைத் திருமணம் செய்துகொண்டார். வரைவதை மட்டும் நிறுத்தவே இல்லை. மகள் பலோமாவை வைத்து 1965-ல் அவர் தீட்டிய ஓவியம், 2021-ல் 13 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2023-ல், 101 வயதில் மறைந்தார்.

பிக்காஸோ மேதைதான், சந்தேகமே இல்லை. ஆனால், 'மேதைன்னா அப்படித்தாம்ப்பா இருப்பாங்க' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே... அதற்கான பில்லைக் கட்டியவர்கள் அந்தப் பெண்களும் குழந்தைகளும்தான் இல்லையா?