ஜப்பானைச் சுற்றிவந்த ராமன்

பூண்டுலோயாவுக்கு மலை தாண்டினால் இறம்பொடை. அங்கே சின்மயா மிஷன் கட்டிய அனுமார் கோயில். இன்னும் மேலே போனால் நுவரெலியா, சீத்தா எலிய, சீதை அம்மன் கோயில். ஓடைப் பாறையில் உள்ள குழிகளை அனுமாரின் பாதம் என்று காட்டுவார்கள். நமக்கு ராமாயணம் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற இடம். அதே கதை கார்ட்டூனாக, ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்ததையும் பலர் பார்த்திருப்போம். அது வந்த வழிதான் விசித்திரம்.

3ஆம் நூற்றாண்டில் தொடங்குவோம். இந்தியாவில் குடியிருந்த, மத்திய ஆசியப் பூர்வீகம் கொண்ட சொக்தியக் குடும்பம் ஒன்று வியாபாரத்துக்காக இன்றைய வட வியட்நாமுக்குப் பெயர்ந்தது. அந்த வியாபாரியின் மகன் காங் செங்ஹுயி துறவியாகி, புத்தரின் முற்பிறப்புக் கதைகளைச் சீனத்தில் தந்தார். அவற்றில் ஒன்று நம் ராமாயணமேதான்: காட்டுக்குப் போகும் அரசன், உதவிக்கு வரும் குரங்குகள். ராணியைத் தூக்கிப்போவது மட்டும் பத்துத்தலை இராவணன் அல்ல, ஒரு நாகம்! 12ஆம் நூற்றாண்டில் தைரா நோ யாசுயோரி எழுதிய ‘ஹோபுத்சுஷூ’ வழியாக அந்த நாகம் ஜப்பானுக்கும் போய்விட்டது. கம்பர் வாழ்ந்ததாகப் பலர் சொல்லும் நூற்றாண்டும் அதுதான்.

அப்படி ஜப்பானுக்குப் போன கதை கார்ட்டூனாகத் திரும்பியது இப்படித்தான். 1983இல் யூகோ சாகோ என்ற ஜப்பானியர் இந்தியாவுக்கு வந்தார். தொல்லியலாளர் பி.பி.லாலின் அகழாய்வைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுப்பதுதான் வேலை. பத்திரிகைச் செய்தி ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்ட இந்து அமைப்பான விசுவ இந்து பரிஷத், அந்நியர் ராமாயணத்தைப் படமாக்குவதா என்று ஜப்பானியத் தூதரகத்துக்குக் கண்டனம் அனுப்பியது. சாகோ விளக்கிச் சமாதானப்படுத்தினார். ஆனால் கதை அவரைப் பிடித்துக்கொண்டது; ஜப்பானிய மொழியில் கிடைத்த ராமாயணங்களைத் தேடிப் படித்தார். ராமன் கடவுள் ஆயிற்றே, ஒரு நடிகர் எப்படி அவராக முடியும்? வரைந்தால்தான் முடியும் என்று தீர்மானித்தார். புனிதக் கதையைக் கார்ட்டூன் ஆக்குவதா என்று இந்திய அரசு கைவிரித்தது. படம் ஜப்பானிலேயே வளர்ந்தது: சுமார் 450 ஓவியர்கள், ஏறத்தாழ 1 லட்சம் ஓவியங்கள். சாகோவோடு கொய்ச்சி சசாகியும், இந்திய அனிமேஷனின் மூத்தவரான ராம் மோகனும் இயக்கினார்கள். வேட்டி எப்படிக் கட்டுவது, கை எப்படிக் கூப்புவது என்பதெல்லாம் அந்த ஓவியர்களுக்குப் புதுப் பாடம்.

இதில் எனக்கு மிகப் பிடித்தது மொழிதான். படத்தின் முதல் மொழியே ஆங்கிலம். நிகில் கபூரின் ராமன் ஆங்கிலத்தில் பேசுவார். வன்ராஜ் பாட்டியாவின் இசையில் பாட்டுகள் சமஸ்கிருதத்தில் ஒலிக்கும். ஒட்டாதது போலத் தோன்றும், கேட்டால் ஒட்டிவிடும்.

ஜனவரி 1993இல் இந்தியத் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. அயோத்தி மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்த நேரம். பெரிய வெளியீடு அமையவில்லை. பின்னால் வந்த ஹிந்திக் குரல் பதிவில், தொலைக்காட்சித் தொடரில் ராமனாக நடித்த அருண் கோவில் ராமனாகவும், அம்ரீஷ் பூரி இராவணனாகவும் பேசினார்கள். 2001இல் அமெரிக்கர்கள் வெட்டி ஒட்டி, வேறு இசை சேர்த்து, ‘பிரின்ஸ் ஒஃப் லைட்’ என்று பெயரும் மாற்றினார்கள். அதில் ராமனுக்குக் குரல் கொடுத்தவர் பிரயன் கிரான்ஸ்டன். ஹொலிவுட் வில்லன் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ்தான் கதைசொல்லி.

படத்தைக் காப்பாற்றியது தியேட்டர் அல்ல, தொலைக்காட்சி. கார்ட்டூன் நெட்வேர்க்கில் திரும்பத் திரும்பப் பார்த்த பிள்ளைகளுக்கு ராமனின் முகம் என்றால் அந்தப் பெரிய கண்கள்தான். அவர்கள் வளர்ந்து பெற்றோராகிவிட்ட பிறகு, 24 ஜனவரி 2025 அன்று 4கே தரத்தில் படம் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. சாகோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் மறைந்துவிட்டார்கள். ஆங்கிலம், ஹிந்தி, தெலுங்கோடு இம்முறை தமிழும் இருந்தது. 32 வருஷம் கழித்து அந்த ராமன் முதன்முதலாகத் திரையில் தமிழ் பேசினார்.