வாடகை வீட்டில் பூனை வளர்க்கத் தடை போட முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

ஊரிகம் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போவது கோலார் தங்க வயல் இளைஞர்களுக்குப் புதிதல்ல. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியதிலிருந்து இதே கதைதான். அலைச்சல் தாங்காமல் பெங்களூருவிலேயே வீடு பார்க்கும்போது வருகிறது இன்னொரு சிக்கல். ஊரில் லைன் வீட்டின் அடுப்படி வரை சுற்றிய பூனையைக் கூட்டிப்போக முடியுமா? "பெட்ஸ் கூடாது" என்கிறார்களே, அது செல்லுமா?

யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது பதில்.

சொல்வது குடியிருப்போர் சங்கம் என்றால், உங்கள் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கிறது. பெரும்பான்மை உறுப்பினர்கள் விரும்பினாலும் செல்லப்பிராணிகளுக்குச் சங்கம் தடை போட முடியாது என்று 2015-ல் இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் வெளியிட்டது. (ருக்மிணி தேவி அருண்டேலைத் தலைவராகக் கொண்டு 1962-ல் தொடங்கிய அதே வாரியம்தான்.) அந்த வழிகாட்டுதலின் தலைப்பில் இருப்பதென்னவோ நாய்தான். பூனைக்காரர்களுக்கு அதைவிட உதவுவது கேரள உயர் நீதிமன்றத்தின் 2021 தீர்ப்பு. செல்லப்பிராணி வளர்க்கவே கூடாது என்னும் சங்க விதிகள் சட்டவிரோதம், செல்லாது என்றது நீதிமன்றம். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வராமல் இருக்க நியாயமான நிபந்தனைகள் விதிக்கலாம், அவ்வளவுதான். ஆனால் இந்தத் தீர்ப்பு கர்நாடகாவைக் கட்டுப்படுத்தாது. அங்கே வாதத்துக்கு எடுத்துக்காட்டலாம்.

சொல்வது வீட்டு ஓனர் என்றால் நிலைமை வேறு. வாடகை ஒப்பந்தம் இரண்டு பேருக்கு இடையிலானது. "செல்லப்பிராணி கூடாது" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வாரிய வழிகாட்டுதலைக் காட்டினால் பெரிதாக எடுபடாது. வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மாட்டிக்கொண்ட சிலர் பூனையைத் தெருவில் விட்டுவிட்டு வீடு மாறுகிறார்கள். பசி, தாகத்தில் தவிக்கும்படி நியாயமான காரணமின்றி விலங்கைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 முதல் 50 ரூபாய். இதில் 50 ரூபாய் என்ற உச்சவரம்பு அறுபது வருஷத்துக்கு முந்தையது.

சிங்கப்பூரில் இதைவிடக் கறாரான தடை இருந்தது. சுமார் 80 சதவீத மக்கள் வசிக்கும் வீவக அடுக்குமாடி வீடுகளில், பட்டியலில் உள்ள சிறிய நாய் ஒன்றை வளர்க்கலாம்; பூனை கூடாது. உரோமம் கொட்டும், கத்தும், வீட்டுக்குள் அடங்காது என்பவை காரணங்கள். ஆனாலும் பல வீடுகளில் ரகசியமாகப் பூனை இருந்தது. 2012-ல் சோங் பாங் வட்டாரத்தில் சோதனை முயற்சி தொடங்கியது. 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீவக வீட்டில் 2 பூனை வரை வளர்க்கலாம். உரிமம், மைக்ரோசிப் இரண்டும் கட்டாயம்.

இங்கே அப்படிப்பட்ட தெளிவான விதி இல்லாததால், எல்லாம் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பூனை இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஓனர் வாய்வார்த்தையாக "சரிப்பா" என்றாலும், எத்தனை பூனை, கீறல் விழுந்தால் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். கருத்தடை, தடுப்பூசி சான்றுகளின் நகலும் ஜன்னலுக்கு வலை அடித்துத் தருகிறேன் என்ற உறுதியும் பேரத்தில் உதவும்.