கொட்டாரத்து நெல்லும் கைமாறும் விதையும்

திருவரங்கத்தில் நம்மாழ்வார் என்றால் திருவாய்மொழி அருளிய சடகோபரே நம் நினைவுக்கு வருவார். அதே பெயர் தாங்கிய வேளாண் அறிவியலாளர் கோ.நம்மாழ்வாரும் இக்காவிரிக் கரைக்கு அயலவர் அல்லர். 1938-இல் திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் பிறந்தவர் அவர்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, 1963-இல் கோவில்பட்டி மண்டல ஆய்வு நிலையத்தில் பணியேற்றார். வானம் பார்த்த கரிசல் பூமி அது. ஒட்டு விதை, இரசாயன உரம், பூச்சிக்கொல்லி என்று அங்கு நடந்த ஆய்வுகள் சுற்றுப்புறத்து ஏழை உழவருக்கு உதவாதவை எனக் கண்டார். மாற்றம் வேண்டினார், நிகழவில்லை. 1969-இல் வேலையைத் துறந்தார். பின்னர், நோபல் அமைதிப் பரிசு பெற்ற டொமினிக் பியர் தொடங்கிய அமைதித் தீவு அமைப்பின் களக்காட்டுப் பணியில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உழைத்தார். இடுபொருளை வெளியிலிருந்து வாங்கும் வரை உழவனுக்கு விடிவில்லை என்ற தெளிவு அங்கேதான் பிறந்தது.

விலைக்கு வாங்கும் பொருள்களுள் முதலாவது விதை. 1966-இல் வந்த ஐ.ஆர்.8 போன்ற குட்டை ரகங்கள் பஞ்ச காலத்தில் விளைச்சலைப் பெருக்கின என்பதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை உரத்தையும் நீரையும் வேண்டி நின்றன. மாட்டுக்கான வைக்கோல் குறைந்தது. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா முதலியன வயல்களினின்று மறையலாயின.

அவற்றை மீட்க நம்மாழ்வாரின் வழிவந்த நெல் ஜெயராமன் கண்ட முறை எளியது. 2006 முதல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, உழவருக்கு இரண்டு கிலோ விதைநெல் கொடுத்தார். மறு ஆண்டு அவர்கள் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். இவ்வாறு அவர் மீட்டவை 174 வகைகள்.

அரங்கன் கோயிலின் வட்ட வடிவக் கொட்டாரங்களைக் கண்டவர்கள் நெல்லைச் சேமிப்பதன் பெருமையை அறிவர். ஆனால் உணவுநெல்லைக் காப்பது வேறு, விதைநெல்லைக் காப்பது வேறு. வீட்டுக் குதிரில் கிடக்கும் விதைநெல் ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத் திறனை இழந்துவிடும். விதைத்துக்கொண்டே இருந்தால்தான் அது விதை.

மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்த நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே மறைந்தார். முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்த கடவூரில், தாம் உருவாக்கிய வானகத்திலேயே அடக்கமானார். ஜெயராமனும் 2018-இல் மறைந்தார். இருவரையும் ஆண்டுதோறும் போற்றுகிறோம். அந்த நெல்லை விதைப்பவரிடம் விலை கொடுத்து வாங்கி உண்ணவும் நாம் முன்வந்தாலன்றி, அடுத்த ஆண்டு அவர் அதை ஏன் விதைக்க வேண்டும்?