குறத்தி பற்றிய கை: பெத்லகேம் குறவஞ்சியில் விசுவாசமும் கீழ்ப்படிதலும்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சியைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். இரண்டாம் சரபோஜி காலத்தில் அரசவையிலும் கோயில் முற்றத்திலும் செல்வாக்காக இருந்த ஒரு கூத்து வடிவத்தைப் புலவர் எடுத்துக்கொண்டார். அதில் வேதப் பொருளை வைத்தார். கேட்பவரை எளிதில் ஈர்த்தார். இதன்படி வடிவம் வெறும் வண்டி, பொருள் அதில் ஏற்றிய சரக்கு. இந்த வாசிப்பை என்னால் ஏற்க இயலவில்லை. மெய்யான விசுவாசம் எது, அதற்கும் கீழ்ப்படிதலுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்குச் சாஸ்திரியார் தரும் விடை குறவஞ்சியின் அமைப்பிலேயே இருக்கிறது. வடிவத்தைக் கழற்றி வைத்துவிட்டால் அந்த விடையும் போய்விடும்.

உருவகம் தெரிந்ததுதான். தலைவர் பெத்லகேம் நாதர். தலைவி தேவமோகினி சீயோன் குமாரத்தி, அதாவது திருச்சபை. குறத்தியாகிய சிங்கி விசுவாசம். சிங்கன் குருவானவர், நூவன் உபதேசியார், பறவைகள் ஆன்மாக்கள்.

குறத்தி வரும் இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதற்குள் தலைவி செய்யக்கூடியதையெல்லாம் செய்து முடித்திருக்கிறாள். உலாக் கண்டாள், பந்தாடினாள், நிலவைப் பழித்தாள், தோழியிடம் புலம்பினாள். எதனாலும் தலைவர் ஓரடிகூட நெருங்கி வரவில்லை. அப்போதுதான் ஊருக்கும் வீட்டுக்கும் உறவில்லாத ஒருத்தி, இடுப்பில் கூடையும் கையில் கோலுமாக வாசலில் வந்து நிற்கிறாள். தலைவி இனிச் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கையை நீட்டிவிட்டுச் சொல்வதைக் கேட்பது. காவிரிக் கரை ஊர்களில் அறுவடை முடிந்ததும் குறி சொல்பவள் வரும்போது முறத்தில் நெல் வைத்துவிட்டுத்தான் பெண்கள் கை நீட்டுவார்கள். குறவஞ்சிக் குறத்தியும் நெல்லும் வெற்றிலையும் கேட்பவள்தான். ஆனால் எத்தனை மரக்கால் அளந்தாலும் உள்ளங்கை ரேகை மாறிவிடாது. கொடுப்பது மரியாதை, குறி அதற்கு விலையாக வருவதில்லை.

விசுவாசம் கேள்வியினால் வரும் என்று ரோமர் நிருபம் 10ஆம் அதிகாரம் சொல்வதை லுத்தரன் போதகர்கள் தரங்கம்பாடியில் எத்தனையோ முறை விளக்கியிருப்பார்கள். அந்த உபதேசத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒரு காட்சி தமிழில் அமைந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. விசுவாசம் தலைவியின் மனத்துக்குள்ளிருந்து ஊறி வரவில்லை, வெளியிலிருந்து நடந்து வருகிறது. அவளுடைய தகுதியைப் பேசாமல் தலைவர் வருவார் என்ற வாக்கைப் பேசுகிறது.

குறி பார்ப்பதே வேதம் விலக்கிய செயல், அதை விசுவாசத்துக்கு உருவகமாக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. வேதத்தில் கர்த்தருடைய வருகைக்கே திருடன் உவமையாக வருகிறான். இந்த ஆட்சேபத்துக்கு இதற்குமேல் இடம் தர வேண்டியதில்லை.

வலுவான ஆட்சேபம் வேறு. கை நீட்டிக் கேட்டாலே போதும் என்றால், "கர்த்தாவே" என்று அழைக்கிறவனெல்லாம் பரலோக ராச்சியத்தில் நுழைவதில்லை, பிதாவின் சித்தப்படி செய்கிறவனே நுழைவான் என்ற மத்தேயு 7ஆம் அதிகாரத்தின் எச்சரிக்கையை எங்கே வைப்பது? குறவஞ்சியின் பிற்பகுதி இதற்காகவே காத்திருக்கிறது. ஆய்வாளர்கள் நகைச்சுவைப் பகுதி என்று ஒதுக்கிவிடுவது அதைத்தான்.

குறவஞ்சி மரபில் சிங்கன் வேட்டைக்காரன். வயலில் நாரையும் கொக்கும் இறங்கக் கண்டு கண்ணி குத்துகிறான். ஆனால் நினைவு சிங்கிமேல் போய்விட, வேட்டையை விட்டு அவளைத் தேடி அலைகிறான். மரபின் இந்தத் துண்டை உருவகத்தோடு சேர்த்துப் படித்தால் பொருள் திறக்கிறது. சிங்கனிடம் கண்ணி இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, வயல் நிறையப் பறவையும் இருக்கிறது. சிங்கி இல்லாததால் அவன் வேலை நிலைகொள்ளவில்லை. விசுவாசத்தைப் பிரிந்த ஊழியம் இப்படித்தான் திரியும். அதேபோல் சிங்கியும் குறி சொன்னதோடு நின்றுவிடுவதில்லை. சிங்கனுக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். மரபுப்படி இருவரும் சேர்ந்த பிறகே நூலுக்கு மங்களம். விசுவாசமும் கிரியையும் கணவன் மனைவி, அவர்களில் முதலில் மேடையேறுகிறவள் மனைவி: சாஸ்திரியார் சொல்வது இதுவே என்று கருதுகிறேன்.

ஆல்லே நகரத்துப் பக்தி மரபில் வளர்ந்த சுவார்ட்ஸ் ஐயர் (1726–1798) சிறுவன் வேதநாயகத்தைத் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தவர். கனி காட்டாத விசுவாசத்தை அந்த மரபு ஒருபோதும் நம்பியதில்லை. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்னும் யாக்கோபு நிருபத்தை லுத்தர் 1522இல் வைக்கோல் நிருபம் என்றார். நெல்லும் வைக்கோலும் ஒரே தாளில் வருபவை என்று தெரிந்த, வைக்கோல் போரை நம்பி மாடு வளர்க்கிற நாட்டில் அந்தச் சொல் அவ்வளவு இழிவாகக் கேட்டிருக்காது.

நூல் முழுவதற்கும் இந்த வாசிப்பு பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. அதில் வரும் வானியல், புவியியல் செய்திகளுக்கு வேறு விளக்கம் வேண்டும். பெருவுடையார் மேல் ஒரு குறவஞ்சி பாடச் சரபோஜி கேட்டதாகவும், இயேசுவைத் தவிர வேறெவரையும் பாடேன் என்று சாஸ்திரியார் மறுத்ததாகவும் வழிவழியாகச் சொல்லப்படுவதை ஆதாரமாக வைத்து நான் எதையும் நிறுவப் போவதில்லை. ஆனாலும் யாருக்குக் கீழ்ப்படிவது என்ற கேள்வி அவர் வாழ்க்கையில் எவ்வளவு கூர்மையாக நின்றது என்பதை அந்த மரபுச் செய்தி காட்டுகிறது.

அதே கேள்வி 1820களில் சபைக்குள்ளேயே வந்தது. புதிதாக வந்த மிஷனெரிமார் இராப்போஜனத்தில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகப் பங்குகொள்ள வேண்டும் என்றார்கள். வேதமொழிபெயர்ப்பை மாற்றினார்கள்; பூவையும் தமிழ்ப் பாட்டையும் விலக்கினார்கள். சாஸ்திரியார் இவையனைத்தையும் கொடுமைகளாகக் கண்டு எதிர்த்து எழுதினார். 1829இல் மிஷன் வேலையை இழந்தார். சரபோஜி அவரைத் தம் அவையில் ஆதரித்தார். 1833இல் பிஷப் டானியல் வில்சன் சபையில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று கடிதம் விடுத்தார். பாட்டையும் மொழிபெயர்ப்பையும் பொறுத்தவரை சாஸ்திரியார் பக்கமே நியாயம் என்பேன். பந்தி விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அவர் தம் காலத்து வேளாளர், அவ்வளவே என்று சமாதானம் சொல்லி நகர்ந்துவிடுகிற ஆய்வாளர்கள் குறவஞ்சியை மறந்துவிட்டார்கள்.

ரேகை பார்க்க வேண்டுமானால் தொட்டாக வேண்டும். சீயோன் குமாரத்தியின் மென்கையை, காடுமேடு திரிந்த குறத்தி தன் கையில் வாங்கி விரித்துப் பார்க்காமல் குறி இல்லை. குறி இல்லாமல் தலைவர் வருவார் என்ற செய்தியும் இல்லை. பந்தியில் தனியிடம் கேட்டு எழுதுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, சாஸ்திரியார் அந்தக் கையைக் குறத்தியின் கையில் வைத்திருந்தார்.