ஏற்றின மருந்தை இறக்கின கதை

1949-ம் ஆண்டு மார்ச் மாதம் முதல் தேதி இரவு, லக்னோ கவர்னர் மாளிகையில் தலைவலி பொறுக்க முடியாமல் கிடந்த சரோஜினி தேவிக்கு, அன்றைய வைத்தியம் கையாண்ட உபாயம் உடம்பிலிருந்து கொஞ்சம் ரத்தத்தை வெளியே எடுத்துவிடுவதாயிருந்தது. மறுநாள் பிற்பகல் இதயம் நின்று அவர் காலமானார், எழுபது வயது. ஒரு பெரிய மாகாணத்தின் கவர்னர், போதாததற்கு ஒரு டாக்டரின் மனைவி, அவருக்கே சாஸ்திரத்தின் கையிருப்பு அவ்வளவுதான் என்றால் மற்றவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. அதே 1949-ல்தான் பம்பாய் இதய நிபுணர் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்குச் சர்ப்பகந்தி வேரைக் கொடுத்துத் தாம் கண்ட பலனை ‘பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்’ என்ற லண்டன் சஞ்சிகையில் வெளியிட்டு மேல்நாட்டு வைத்தியர்களை நிமிர்ந்து உட்கார வைத்தார். சரோஜினி தேவியின் பெயரைப் பிற்பாடு தாங்கிய டில்லிக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான குமாஸ்தாக்கள் அந்த வேரின் சத்தை மாத்திரையாக விழுங்கிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்வந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம், காலம் சிறிது முந்திக்கொண்டிருக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு சர்க்கார் சிப்பந்திகளுக்காக டில்லியின் தெற்கே எழும்பிய அந்தக் குடியிருப்புக்கு ஆதியில் விநய் நகர் என்று பெயர். சரோஜினி நகர் என்று அது மாறிய பிறகும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் நெடுங்காலம் விநய் நகர் என்றேதான் கடிதங்களில் முகவரி எழுதினார்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டால், ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகள் குவியல் குவியலாகக் கிடக்கும் கடைவீதிதான் எவருக்கும் நினைவில் வரும். சுருக்கெழுத்தும் டைப்ரைட்டிங்கும் தேறி, தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, அங்கேயே பிள்ளை பெற்றுப் பேரன் பெற்ற எங்களுக்கு அது விநாயகர் கோயில் மணியும், லட்சுமிபாய் நகர்த் தமிழ்ப் பள்ளியும், கோடை இரவில் முற்றத்தில் இழுத்துப் போட்ட கயிற்றுக் கட்டில்களும், மாதந்தோறும் நின்று தீர வேண்டிய டிஸ்பென்சரி வரிசையுமாகும். அந்த வரிசையில் வாங்கிய இதய மருந்தை ஒரு நாள் வேண்டாம் என்று விட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது, அதை உலகம் எப்போது அறிந்துகொண்டது என்பதே நான் சொல்ல வந்த விஷயம்.

சர்ப்பகந்தியின் கதையில் டில்லிக்கும் ஒரு பங்கு உண்டு. டில்லித் தமிழர்களின் பழைய ஜாகையான கரோல் பாகில், ஹக்கீம் அஜ்மல் கான் நிறுவி 1921-ல் காந்தியடிகள் திறந்துவைத்த திப்பியா கல்லூரி இருக்கிறது. அதன் ஆராய்ச்சிக் கூடத்தில் சலீமுஸ்ஸமான் சித்திகி என்ற ரசாயன சாஸ்திரி, 1931-ல், அந்த வேரிலிருந்து சில சத்துக்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்றுக்கு, நாலு வருஷத்துக்கு முன் மறைந்த ஹக்கீமின் ஞாபகமாக அஜ்மலின் என்று நாமகரணம் செய்தார். இதயத் துடிப்பில் ஒளிந்திருக்கும் ஒரு பிறவிக் கோளாறை வெளிக்கொணர ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளில் இன்றைக்கும் அஜ்மலினை ஊசியாக ஏற்றிப் பார்க்கிறார்கள். ஏற்றுகிறவர்களில் எத்தனை பேருக்குக் கரோல் பாக் தெரியுமோ! அதே 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போஸும் அந்த வேர் ரத்தக் கொதிப்பைத் தணிப்பதையும் சித்தப்பிரமையை அடக்குவதையும் எழுதி வைத்தார்கள். பீஹார்ப் பக்கத்து நாட்டு வைத்தியத்தில் அதற்குப் ‘பைத்தியத்துக்கு மருந்து’ என்றே பெயர். 1952-ல் ஸ்விட்ஸர்லாந்தின் சீபா கம்பெனி ரிஸர்பின் என்ற மூலச் சத்தைப் பிரித்தெடுத்த பின், வேர் மாத்திரையாயிற்று.

மாத்திரை கொதிப்பைத் தணித்தது வாஸ்தவம். ஆனால் இரண்டு மூன்று வருஷத்திற்குள்ளாகவே, அதிகப் பிரமாணத்தில் நெடுநாள் உட்கொண்டவர்களில் சிலர் காரணமில்லாமல் கண்கலங்குவதையும், தூக்கம் கெட்டு, ஒன்றிலும் நாட்டமற்று மூலையில் உட்கார்ந்துவிடுவதையும் வைத்தியர்கள் கவனித்தார்கள். சரி, நிறுத்திவிடுவோம் என்று நிறுத்தினால், மருந்து நிறுத்தின கையோடு நிற்கிற ஜாதி அல்ல. நரம்பு நுனிகளில் சேமித்து வைத்திருக்கும் சத்தை அது காலி செய்துவிடுவதால், அந்தக் களஞ்சியம் மறுபடி நிரம்பும் மட்டும் நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் அதன் ஆட்சி தொடரும். “மாத்திரையை விட்டு மாசம் ஒண்ணாகப் போறது, மனுஷர் இன்னும் பழையபடி ஆகல்லையே” என்று எங்கள் வரிசை வீடுகளில் ஓர் அம்மாள் அங்கலாய்த்ததை நான் சிறு வயதில் கேட்டிருக்கிறேன். அதன் பொருள் விளங்க எனக்கு முப்பது வருஷம் பிடித்தது. ஒன்று மட்டும் அனுகூலம்: மெள்ளப் போகிற மருந்தாகையால், கொதிப்பும் மெள்ளவே திரும்பிற்று. விட்ட மறுநாளே ஆளைச் சாய்க்கிற குணம் அதற்கில்லை. அந்தக் குணமுள்ளவை பின்னால் வந்தன.

1954-ல் மத்திய சர்க்கார், சிப்பந்திகளின் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொண்டு குடும்பம் முழுமைக்கும் வைத்தியம் பார்க்கும் திட்டத்தைப் பதினாறு டிஸ்பென்சரிகளுடன் டில்லியில் ஆரம்பித்தது. யுத்த காலத்தில் அமெரிக்கத் துருப்புகளுக்காக 1942-ல் எழுந்த சப்தர்ஜங் ஆஸ்பத்திரியும், அதன் எதிர்ப்புறத்தில் 1956-ம் வருஷச் சட்டத்தினால் உருவான அகில இந்திய வைத்திய விஞ்ஞானக் கழகமும் எங்களுக்கு நடைதூரம். ஊரில் வைத்தியர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்த குடும்பங்களுக்கு இது குபேர சம்பத்து. அட்டையை நீட்டினால் மருந்து. மறு மாதம் மறுபடி அட்டையை நீட்டினால் மறுபடி மருந்து. கொடுப்பதற்கு இவ்வளவு சீரான ஏற்பாடு அமைந்த அந்தக் காலத்தில், இதய மருந்தை நிறுத்துவதற்கு என்று ஒரு முறை உண்டு என்பதை டில்லியில் மட்டுமல்ல, உலகத்தில் எங்குமே ஒருவரும் வகுத்திருக்கவில்லை.

வகுத்திருக்கக் கூடாதா என்றால், தடயம் இருந்தது; தொழிற்சாலைகளில் இருந்தது. சரோஜினி பிறந்த அதே 1879-ல் லண்டன் டாக்டர் வில்லியம் மரல், நைட்ரோ கிளிசரின் மார்வலியைத் தணிக்கும் என்று எழுதினார். டைனமைட்டைச் சமைத்த ஆல்பிரட் நோபலே தம் கடைசிக் காலத்தில் அந்த மருந்தைச் சாப்பிடும்படி வைத்தியர்கள் சொன்னார்கள் என்பது பிரசித்தம். நீலகிரியில் அருவங்காட்டுக்காரர்களுக்கும் அந்த வஸ்து அந்நியமல்ல. 1904 முதல் அங்கே இயங்கும் தொழிற்சாலையின் கார்டைட் வெடிமருந்தில் அதுவும் ஒரு சரக்கு. மேல்நாட்டு வெடிமருந்துச் சாலைகளில் வாரம் முழுவதும் அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்கு, ஞாயிறு விடுமுறைக்குப் பின் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமைதோறும் மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது. உடம்பு அதற்குப் பழகி, ஒரு நாள் ஓய்வில் பழக்கம் விட்டுப் போவதே காரணம் என்று தாமே உணர்ந்து, சிலர் தொப்பியின் உள்பட்டையில் சிறிது தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களாம். தலைவலி சகிக்கக்கூடியது. வேறு சிலருக்கு அந்த ஓய்வு நாளிலேயே, நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லாதவர்களுக்குக்கூட, மார்வலி வந்தது. சிலர் மாண்டும் போனார்கள். ஒரு வஸ்துவுக்குப் பழகிவிட்ட ரத்தக் குழாய், அது திடீரென்று இல்லாமற்போனால் சுருங்கித் திமிறும் என்ற பாடத்தைத் தொழிலாளிகள் உயிரைக் கொடுத்து எழுதி வைத்திருந்தும், மாத்திரை எழுதித் தந்தவர்கள் அதை வாசிக்க வெகுகாலம் ஆயிற்று.

1964-ல் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரப்ரனலால் என்ற மருந்தைக் கொண்டுவந்தார். இதயத்தை விரட்டும் அட்ரினலின் வந்து அமரும் பீடங்களை இது முன்கூட்டியே போய் அடைத்துக்கொள்ளும், இதயம் நிதானமாக நடக்கும், மார்வலி தணியும். டிஜிட்டாலிஸுக்குப் பின் இதய வைத்தியத்தில் இதைப் போன்ற முன்னேற்றம் வேறில்லை என்று கொண்டாடினார்கள். 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் மேல்வீட்டு மாமாவுக்கு அந்த மாத்திரை 1972-ல் கிடைத்தது. பால் பூத்துக்கு நடந்தால் வழியில் இரண்டு இடத்தில் நின்று மார்பைப் பிடித்துக்கொள்கிறவர், மாத்திரை ஆரம்பித்த ஒரு மாதத்தில் இரண்டு பையையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு மாடியேறினார். அந்த வருஷம் பெண்ணின் கல்யாணத்துக்காக இரண்டு மாத லீவில் கும்பகோணம் போனவர் கையில் ஒரு மாதத்து மாத்திரைதான் இருந்தது. தீர்ந்தபோது அவர் கவலைப்படவில்லை, வலிதான் இல்லையே! ஐந்தாம் நாள் மாலை, பந்தல்காரனுக்குப் பணம் எண்ணிக்கொண்டிருந்தவரின் விரல்கள் நடுங்கின. நோட்டு கை வேர்வையில் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கைக்கு வரவில்லை. அப்படியே தூணில் சாய்ந்தார். ஓடிவந்த எல்.எம்.பி. டாக்டர் கிழவர், நாடியைப் பிடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி பிடித்தார்.

“மாத்திரை ஏதாவது சாப்பிட்டிண்டிருந்தீரா?”

“சாப்பிட்டிண்டிருந்தேன் டாக்டர். வலி சுத்தமா நின்னுடுத்து, அதான் விட்டுட்டேன்.”

“வலி நின்னது மாத்திரையாலே, ஓய். மாத்திரை நின்னது உம்மாலே.”

தஞ்சாவூர் மருந்துக்கடையிலிருந்து பஸ் கண்டக்டர் மூலம் மாத்திரை வந்து சேரும் வரை, மாமாவை அசையவிடாமல் படுக்கவைத்துக் காவல் இருந்தார் கிழவர். மாத்திரை உள்ளே போனபின் படபடப்பு அடங்கிற்று. கல்யாணமும் நடந்தது, கன்னிகாதானத்துக்கு மட்டும் மாமா எழுந்து வந்தார்.

விட்டதனால் வந்தது, திரும்பக் கொடு என்று அந்தக் கிழவர் எந்தப் புஸ்தகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை. பார்ப்பதற்குப் புஸ்தகம் இல்லை. பிரப்ரனலாலைத் திடீரென்று நிறுத்தியவர்களுக்கு மார்வலி முன்னிலும் உக்கிரமாக வருவதையும், சிலருக்கு மாரடைப்பே நேருவதையும் அமெரிக்க வைத்தியர்கள் 1974, 1975-ம் வருஷங்களில்தான் சஞ்சிகைகளில் எழுதலானார்கள். காரணம் 1977-ல் துலங்கிற்று. மருந்து பீடங்களை அடைத்துக்கொண்டிருக்கும் நாளெல்லாம் உடம்பு சும்மா இருப்பதில்லை. புதிது புதிதாகப் பீடங்களை உண்டாக்கிக்கொண்டே போகிறது என்று ராபர்ட் லெப்கோவிட்ஸின் ஆய்வுக்கூடம் எலிகளில் காட்டிற்று. மருந்து சட்டென்று விலகினால், முன்னிலும் அதிகமான பீடங்களில் அட்ரினலின் வந்து ஏறி உட்காருகிறது. கொதிப்புக்கென்று வந்த குளோனிடினின் சங்கதி இன்னும் வேடிக்கை: மூக்கடைப்புக்கு மருந்து தேடியவர்கள் அதை ஒரு காரியதரிசி அம்மாளின் மூக்கில் சொட்டுவிட, அவர் ஒரு நாள் முழுவதும் தூங்கியதிலிருந்துதான் அது கொதிப்பைத் தணிக்கும் என்று தெரிந்ததாகச் சொல்வார்கள். அதைப் பட்டென்று நிறுத்தினால், ஒன்றிரண்டு நாளுக்குள்ளாகவே கொதிப்பு பழைய எல்லையைத் தாண்டிப் பாய்ந்துவிடும். தலைவலி, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் பரிவாரமாக வரும்.

சில வருஷம் கழித்து, டில்லிப் பனிக்காலத்தில் மாமாவுக்கு இழுப்பு கண்டது. இந்த மாத்திரைக்கும் இழுப்புக்கும் ஆகாது. ஆகவே டாக்டரே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. இந்தத் தடவை நிறுத்துவதற்கு முறை இருந்தது. மாமி தினமும் சாயங்காலம் பாம்பு பஞ்சாங்கத்தை முழங்காலில் கவிழ்த்து, அதன் அட்டைமேல் மாத்திரையை வைத்து, சவர பிளேடால் ஒரே அழுத்தாக அழுத்துவாள். ஒரு பாதி இங்கே தெறிக்கும், மறு பாதி கட்டிலுக்கடியில் போகும். முதலில் பாதி, பிறகு கால், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இரண்டு வாரத்துக்கு மேல் நடந்தது அந்த இறக்கம். அத்தனை நாளும் மாமாவுக்கு மாடிப்படி விலக்கு, பால் பூத் விலக்கு, காப்பி ஒரு வேளையோடு சரி. விடியற்காலையில் நெஞ்சு தடதடவென்று அடித்து எழுப்பும்போது, அவர் எச்.எம்.டி. கடிகாரத்தைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாடியை எண்ணுவார். எண்ணினதைச் சுவர்க் காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் குறிப்பார். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டாக்டரிடம் போவது, தானாக இறங்கினால் பொறுத்திருப்பது என்பது ஏற்பாடு. இரண்டாவது வாரக் கட்டங்களில் எண்கள் இறங்கியிருந்ததை நானே பார்த்தேன்.

அந்தக் காலண்டர் தொங்கின சுவர் இப்போது இல்லை. சரோஜினி நகரின் பழைய இரட்டை மாடி வீடுகளைத் தரைமட்டமாக்கி அடுக்குமாடிகள் எழுப்பிவருகிறார்கள். மாத்திரைகளும் மாறிவிட்டன, அந்த மருந்து வர்க்கத்தை மட்டும் இன்றும் ஏராளமானவர்கள் தினந்தோறும் சாப்பிடுகிறார்கள், தாமாக நிறுத்தவும் செய்கிறார்கள். வாசகர்களில் அப்படி யாரேனும் இருந்தால் அவர்களை நான் கேட்டுக்கொள்வது இரண்டு: ஊருக்குப் புறப்படும்போது பதினைந்து நாள் மாத்திரையைக் கூடுதலாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் சீட்டு எழுதும்போது, இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டு, அதையும் அதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.